சீனி தண்ணீரில் இறங்கிய ஞாயிறு

நாய்களுக்குப் போட்டி நடத்துவார்கள், அதற்கு நடுவர்கள் இருப்பார்கள் என்பதெல்லாம் போன வெள்ளிக்கிழமை வரை எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அப்படிப்பட்ட ஒரு நடுவரோடு திருவனந்தபுரத்து வயல் வரப்பில் நின்று தொண்டை கட்டும் அளவுக்குச் சண்டை போட்டிருந்தேன். நான் சண்டைக்காரன் அல்ல. தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். இருபத்தாறு வருடமாகக் கபடிக்கும் ஓட்டப்பந்தயத்துக்கும் விசில் ஊதுகிறவன். நடுவரோடு மல்லுக்கு நிற்கும் பெற்றோரை மைதானத்தை விட்டு வெளியே அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. அன்று என்னை யாராவது வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

என் தங்கை சொர்ணம் கல்யாணமாகித் திருவனந்தபுரம் ஆரியசாலைக்குப் போய் இருபத்திரண்டு வருடம். அவள் கணவர் பொன்னையா அங்கே சீனி, வெல்லம், கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிறார். கீழே கடை, மேலே வீடு. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் கடையைத் திறக்கப் போனபோது, ஷட்டர் கொக்கியில் ஒரு கறுப்பு லாப்ரடார் குட்டியை யாரோ கட்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் பாதி தீர்ந்த தீனிப் பொட்டலம். வளைகுடாவுக்கு வேலை மாறிப்போன யாரோ விட்டுவிட்டுப் போனது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நிறத்தைப் பார்த்துக் கருப்பட்டி என்று பெயர் வைக்கலாம் என்றார் பொன்னையா. சொர்ணம் சீனி என்று வைத்தாள்.

எதை எறிந்தாலும் ஓடிப்போய் எடுத்துவரும் வெறி அந்தக் குட்டிக்கு. சொர்ணம் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே அதைப் பழக்கினாள். விடிகாலையில் மைதானத்துக்குக் கூட்டிப்போய், சாக்குத்துணி சுற்றிய பிளாஸ்டிக் பாட்டிலை எறிந்து எடுத்துவரச் சொல்வாள். உட்கார் என்றால் உட்காரவும், சொல்லும்வரை அசையாமல் இருக்கவும், கை காட்டிய திசையில் ஓடவும் சீனி கற்றுக்கொண்டது. இந்த வருடம் ஒரு நாய்ப் பிரியர் சங்கம் வெள்ளாயணி ஏரிக்கரையில் போட்டி வைக்கிறது, வம்சப் பத்திரம் இல்லாத நாய்களும் வரலாம் என்று அறிவிப்பு வந்ததும் பெயர் கொடுத்துவிட்டாள். கூடப் போவதாக இருந்த பொன்னையாவுக்கு அந்த வாரம்தான் கண்ணில் அறுவை சிகிச்சை.

“அண்ணே, நாயப் பிடிச்சுக்கிட ஒரு ஆளு கூட வேணுமாம். நீங்க வருவீங்களா? விசில் ஊதுத எடந்தான், ஒங்களுக்குப் பழக்கமாக்கும்” என்று போனில் கேட்டாள்.

சனிக்கிழமை மதியம் திருவனந்தபுரம் தம்பானூர் நிலையத்தில் இறங்கினேன். உட்கார இடம் கிடைக்காமல் ரயில் கதவோரம் நின்றே வந்ததில் கால் கடுத்தது. நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் டீ குடித்தேன். எங்கள் ஊரில் டீக்குக் காரமாக ஏதாவது கடிப்போம். இவர்கள் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து, இனிப்போடு இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். ஒன்று தின்று பார்த்துவிட்டு இன்னொன்று வாங்கினேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் மலையாளத்தில் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். “பெய்வதாக இருந்தால் பெய்ய வேண்டும். இப்படி நாள் முழுக்க மிரட்டிக்கொண்டே நிற்கக் கூடாது” என்றார் ஒருவர். மழையைக்கூட ஒழுங்காகப் பெய்யச் சொல்கிற ஊர் என்று எனக்குப் பிடித்துப்போயிற்று.

அன்று சாயங்காலம் சொர்ணம் போட்டி விதிகளை என் கையில் கொடுத்தாள். ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம். விதிப் புத்தகம் என்றால் எனக்கு நாவல் மாதிரி. உட்கார்ந்து முழுதும் வாசித்தேன். வேட்டைக்காரன் சுட்ட வாத்தை வாயில் கவ்விவரும் வேலைக்காக உண்டான இன நாய்கள் இவை. இங்கே வேட்டை கிடையாது என்பதால் வாத்துக்குப் பதிலாகக் கித்தானில் தைத்த நீளப் பை. அதற்கு டம்மி என்று பெயர். எதிரே ஒளிந்திருப்பவர் ஒரு வேட்டு போட்டுவிட்டு டம்மியை வானத்தில் எறிவார். நாய் அது விழும் இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, நடுவர் சொன்ன பிறகு ஓடி எடுத்து வர வேண்டும். பதினொன்றாம் விதியை இரண்டு தடவை வாசித்தேன். எறிதல் தவறாகப் போய் நாயால் பார்க்க முடியாமல் போனால், அந்த முறையைக் கணக்கில் கொள்ளாமல் மறுபடி எறிய வேண்டும் என்று அது சொன்னது. நல்ல விதி. நம் கபடிக்காரர்கள் எழுதியது போல் நேர்மையாக இருந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தெருவில் இறங்கி நின்றோம். கடையின் பெட்டி ஆட்டோ பழுது. முதல் ஆட்டோக்காரர் சீனியைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டினார். இரண்டாமவர் நின்றார். “சேச்சி, வருத்தப்படக் கூடாது. இதன் ரோமம் சீட்டில் ஒட்டினால் அடுத்த சவாரி என்னைத் திட்டும்” என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். செல்போனில் கூப்பிட்ட கார் வந்து, எங்களைப் பார்த்து, வந்த வழியே திரும்பிற்று. கடைசியில் கல்யாண மண்டபத்துக்கு வாழையிலை ஏற்றிப்போன ஒரு வண்டிக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். இலைக்கட்டுகளுக்கு நடுவே நானும் சீனியும், முன்னால் சொர்ணமும். வழியெல்லாம் ஒரு இலை நுனியைக்கூடச் சீனி வாயால் தொடவில்லை. எட்டாம் வகுப்புப் பையன்களைப் பேருந்தில் கூட்டிப்போகிறவனுக்குத்தான் அந்த ஒழுக்கத்தின் அருமை தெரியும்.

ஏரிக்கரை அழகு. ஒரு பக்கம் அறுத்த வயல், நடுவே வாய்க்கால், அந்தப் பக்கம் தாமரை மூடிய தண்ணீர். கொக்குகள் வரிசையாக நின்றன. வரப்பு நெடுக பெரிய பெரிய கார்கள். குளிர்பதனம் வைத்த கூண்டுகளிலிருந்து நாய்கள் இறங்கின. மொத்தம் பதினாலு நாய்கள். எங்களுக்கு ஒன்பதாம் எண். பக்கத்தில் நின்ற கோயம்புத்தூர்க்காரர் தாமாகவே வந்து பேசினார். பெயர் கதிர்வேல். பொன்னிறத்தில் அவருடைய நாய், பிரின்ஸ்.

“ஏனுங்க, வாழையெலை வண்டியிலயா வந்தீங்க? நெம்ப நல்லதுங்க. நானு ராத்திரி பூரா ஏசி போட்டு ஓட்டிட்டு வந்தேன். எறங்குனதும் இவன் வாந்தி எடுத்துட்டான்” என்றார்.

நடுவர்கள் இரண்டு பேர். தலைமை நடுவர் பொன்முடிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவராம். பச்சைத் தொப்பி, முழங்கால் வரை ரப்பர் காலணி. இன்னொருவர் கால்நடை மருத்துவர், டாக்டர் ஷீலா. அதிகம் பேசாமல் குறித்துக்கொண்டே இருந்தார்.

முதல் சுற்று வயலில். சொர்ணம் கோட்டில் போய் நின்றாள். “சீனி, இரி” என்றாள். உட்கார்ந்தது. வேட்டு வெடித்தது. டம்மி பறந்து தூரத்து வரப்புக்கு அப்பால் விழுந்தது. சீனியின் உடம்பு முழுக்க நடுங்கியது, ஆனால் இடத்தை விட்டு ஒரு விரற்கடை நகரவில்லை. நடுவர் எண்ணைச் சொன்னதும் சொர்ணம் “எடு” என்றாள். அம்பு மாதிரி போய், நேராக அந்த இடத்தில் தலையைக் குனிந்து, கவ்விக்கொண்டு வந்து அவள் கையில் வைத்தது. எனக்குக் கை தட்டத் தோன்றியது. தட்டக் கூடாது என்று விதியில் இருந்ததால் பைக்குள் கையை விட்டுக்கொண்டேன்.

“அது என்ன மொழி?” என்று தலைமை நடுவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“தமிழ் சார்” என்றாள் சொர்ணம்.

“நாய்க்கு ஆங்கிலத்தில் சொன்னால்தான் தெளிவாக இருக்கும்.”

“அதுக்குத் தெளிவாத்தான் இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டாவது சுற்றில் இரண்டு டம்மிகள். இரண்டையும் நினைவில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துவர வேண்டும். பாதி நாய்கள் இரண்டாவதை மறந்துவிட்டு வயலில் சுற்றிக்கொண்டிருந்தன. சீனி மறக்கவில்லை. பிரின்ஸும் மறக்கவில்லை. மூன்றாவது சுற்றான தண்ணீர்ப் போட்டிக்கு ஆறு நாய்களின் எண்களைப் படித்தார்கள். ஒன்பது இருந்தது. சொர்ணம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சிறு வயதில் பரீட்சை முடிவு பார்க்கப் போனபோதுகூட அவள் அப்படிப் பிடித்ததில்லை.

இனிமேல் நடந்ததை நான் கண்ணால் பார்த்தபடி சொல்கிறேன்.

தண்ணீர்ப் போட்டிக்கு எறிபவர் எதிர்க் கரையில், தென்னை மரங்களுக்குக் கீழே நின்றார். முதலில் போன இரண்டு நாய்களுக்கும் டம்மி திறந்த தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. நீந்திப் போய் எடுத்து வந்தன. மூன்றாவது சீனி. வேட்டு வெடித்தது. டம்மி மேலே போய், ஒரு தென்னை மட்டையில் அடித்து, பின்பக்கமாகத் தாழம்புதருக்குள் விழுந்தது. தண்ணீரில் ஒரு சுழிகூட எழவில்லை. ஆறடி உயரம் உள்ள நானே எட்டிப் பார்த்துத்தான் அதைக் கண்டேன். தரையில் உட்கார்ந்திருக்கும் நாய்க்கு எப்படித் தெரியும்?

“சார், எறி தப்பிப்போச்சு. நாய் அதைக் காணல்ல” என்றாள் சொர்ணம்.

“எண் ஒன்பது” என்றார் தலைமை நடுவர். நாயை விடச் சொல்கிறாராம்.

“சார், பதினொண்ணாம் ரூல்படி...”

“விடுகிறீர்களா, விலகிக்கொள்கிறீர்களா?”

நான் கோட்டுக்குப் பத்தடி பின்னால். வாய் திறந்தால் அவளுக்குத்தான் மதிப்பெண் போகும் என்று பல்லைக் கடித்தேன். அது என் தப்பு. அப்போதே கத்தியிருக்க வேண்டும். சொர்ணம் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “எடு” என்றாள்.

சீனி தண்ணீரில் பாய்ந்தது. வேட்டுச் சத்தம் வந்த திசையில் நேராக நீந்தியது. அங்கே ஒன்றும் இல்லை. வட்டமிட்டுத் தேடிற்று. சொர்ணம் விசிலை ஊதி வலப்பக்கம் கை காட்டினாள். அதற்குள் சீனி இடப்பக்கம் தாமரை இலைகளுக்குள் நுழைந்துவிட்டது. சட்டென்று நின்றது. திரும்பப் பார்த்தது, முடியவில்லை. முன்கால்கள் எதையோ உதைத்தன; இலைகளெல்லாம் சேர்ந்து இழுபட்டன. தலை ஒரு தடவை தண்ணீருக்குள் போய் வெளியே வந்தது. குரைக்கவில்லை. மூக்கால் சீறும் சத்தம் மட்டும் எங்கள் கரை வரை கேட்டது.

“வலை” என்றார் என் பின்னால் நின்ற கதிர்வேல். “பழைய வலை கெடக்குதுங்க உள்ள.”

சொர்ணம் செருப்பை உதறினாள்.

“கையாளுபவர் கோட்டிலேயே நிற்க வேண்டும். தண்ணீரில் கால் வைத்தால் நீக்கம்” என்றார் தலைமை நடுவர். குரலை உயர்த்தவில்லை. மழை வருகிறது, குடையை எடுங்கள் என்பது போலச் சொன்னார்.

சொர்ணம் திரும்பி அவரைப் பார்த்தாள். “நம்பர வெட்டிக்கிடுங்க சார்” என்றாள். சுடிதாரோடு இறங்கிவிட்டாள்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்தவனுக்கு அது தெரியாது. என் தங்கை கழுத்தளவு தண்ணீரில் தாமரைத் தண்டுகளை விலக்கிக்கொண்டு போக, நான் கரையோரமாக ஓடினேன். மீட்புப் படகு எங்கே என்று கத்தினேன். சொல்லிவைத்த படகு வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். படகு வராமலே தண்ணீர்ப் போட்டியைத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்துக்கே முதலுதவிப் பெட்டியும் ஸ்ட்ரெச்சரும் கண்ணால் பார்க்காமல் நான் விசிலை வாயில் வைக்க மாட்டேன்.

வளைவுக்கு அப்பால் ஒருவர் சின்ன வள்ளத்தில் தாமரை பறித்துக்கொண்டிருந்தார். என் தமிழ் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, நான் கை நீட்டிய திசையைப் பார்த்ததும் துடுப்பை வலித்தார். சொர்ணம் அதற்குள் சீனியை எட்டி, கீழே கால் பாவாமல் நீந்தியபடியே அதன் தாடையைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வள்ளக்காரர் அரிவாளால் வலையை நாலு இடத்தில் அறுத்தார். நாயை முதலில் வள்ளத்துக்குள் போட்டார்; சொர்ணம் விளிம்பைப் பிடித்துக்கொண்டே கரைக்கு வந்தாள்.

சீனி கரையில் படுத்து நடுங்கியது. முன்னங்காலில் நைலான் நரம்பு அறுத்து ரத்தம். சொர்ணத்தின் கையெல்லாம் தாமரைத் தண்டின் முள் கீறல். டாக்டர் ஷீலா குறிப்பேட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, காலைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்.

வள்ளக்காரர் பெயர் சுகுமாரன். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். “நேற்றே வந்து சொன்னேனே. அந்த மூலையில் வீசிப்போட்ட வலை கிடக்கிறது, நாயை விடாதீர்கள் என்று. சிவப்புக் கொடி நட்டு அடையாளம் வைப்போம், அந்தப் பக்கம் எறிய மாட்டோம் என்றார்கள்.”

கொடியைக் காணோம்.

நான் பதிவு செய்யும் பந்தலுக்குப் போனேன். மடிக்கணினி வைத்திருந்த பெண்ணிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும் என்றேன். அவள் காகிதம் எடுக்க மேசைக்கடியில் குனிந்தாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் பையில், கட்டுப் பிரிக்காமல், சிவப்புக் கொடிகள். நான் அந்தப் பையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவள் கொடி நடுகிறவள் அல்ல.

நான்காவதாகப் போக வேண்டியது பிரின்ஸ். அதுவரை முதலிடத்தில் இருந்த நாய். சீனி போனதால் அதற்குப் போட்டியே இல்லை. கதிர்வேல் கோட்டுக்குப் போனார், கையில் கட்டியிருந்த எண்ணை அவிழ்த்தார், தலைமை நடுவரிடம் நீட்டினார்.

“வலையை எடுங்க சார். எடுத்துப்போட்டு, அந்தம்மா நாய்க்கு மறுக்காச் சான்ஸ் குடுங்க. அப்பறம் எம் பிரின்ஸ விடறேன். இல்லீனா நானு கெளம்பறனுங்க” என்றார்.

தலைமை நடுவர் எண்ணை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அடுத்ததாக நின்ற கொச்சிக்காரப் பெண்மணியும் எண்ணை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் தன் நாயைக் கூண்டில் ஏற்றினார். ஆறாவது ஆள் மட்டும் தயங்கித் தயங்கிப் போய் நின்றார். அவருக்கு டம்மி திறந்த தண்ணீரில், இந்தப் பக்கமாக, பதமாக வந்து விழுந்தது. அவர் நாய் எடுத்து வந்தது. கோப்பை அதற்குத்தான் போயிற்று. அந்த நாய்மேல் எனக்குக் கோபம் இல்லை.

என் புகார் மனு சாப்பாட்டுக்குப் பிறகுதான் விசாரிக்கப்படும் என்றார்கள். பந்தலில் பிரியாணிப் பொட்டலம் பிரித்தார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள், எனக்குத் தொண்டையில் இறங்காது என்று தோன்றியதால் வாங்கவில்லை. சுகுமாரன் எங்களைக் கரையில் ஒரு ஓலைக்கடைக்குக் கூட்டிப்போனார். அவித்த மரச்சீனிக் கிழங்கும், குடம்புளி போட்ட சிவப்பு மீன்குழம்பும். சொர்ணம் ஈரச் சுடிதாரின்மேல் கதிர்வேலின் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மரச்சீனியைப் பிட்டுச் சீனிக்கு ஊட்டினாள். கடைக்கார அம்மாள் நாயைப் பார்த்து, “பாவம், அது என்ன பிழை செய்தது?” என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். குழம்பு நல்ல காரம். கோபத்தில் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அதே தலைமை நடுவர். தன்மேல் வந்த புகாரைத் தானே விசாரிக்கிறார்.

“நானும் நடுவர்தான் சார்” என்றேன். “நானும் தப்பாக விசில் ஊதியிருக்கிறேன். ஒரு கபடி இறுதி ஆட்டத்தில் கோட்டைத் தொட்டவனைத் தொடவில்லை என்று சொல்லிவிட்டேன். தப்பு என்று தெரிந்ததும் மறுபடி ஆட வைத்தேன். எங்கள் தலைமையாசிரியர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதற்காக நான் தேய்ந்துபோகவில்லை.”

“மிஸ்டர், போட்டி என்றால் எதிர்பாராதது நடக்கும்” என்றார்.

“வலை கிடப்பதை நேற்றே சொல்லியிருக்கிறார்கள். கொடி மேசைக்கடியில் இருக்கிறது. இதில் எதிர்பாராதது எது?”

“நாயை விட்டது உங்கள் தங்கையின் முடிவு.”

அப்போதுதான் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது முழுதும் நினைவில்லை. வயலில் நின்ற கொக்குகள் பறந்தது நினைவிருக்கிறது. எந்தக் கத்தலுக்கும் பயன் இல்லை. மறுவாய்ப்பு கிடையாது, நீக்கம் நீக்கம்தான் என்று முடித்தார்கள்.

சொர்ணம் கிட்டே வந்தாள். “அண்ணே, மதி” என்று, போதும் என்பதை மலையாளத்தில் சொல்லி என் தோளைத் தொட்டாள். பிறகு மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். ஒன்பதாம் எண்ணுக்கு நேரே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: நாய் கீழ்ப்படியவில்லை, கட்டுப்பாட்டை மீறியது.

அவள் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். தண்ணீரில் இறங்கும்போதுகூட அப்படி மாறவில்லை.

“சார், எனக்குக் கப்பு வேண்டாம்” என்றாள். முதலில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு நிதானமாக மலையாளத்தில் சொன்னாள். “நான் தண்ணீரில் இறங்கினேன், அதனால் நீக்கினோம் என்று எழுதுங்கள். அது உண்மை. சீனி கீழ்ப்படியவில்லை என்று எழுதாதீர்கள். ஒன்றையுமே காணாமல், நான் சொன்ன ஒரு சொல்லுக்காக அது போயிற்று. அது மாதிரி யார் கீழ்ப்படிவார்கள்?”

“எழுதியது எழுதியதுதான்” என்றார் தலைமை நடுவர்.

“அப்போ நான் இங்கதான் இருப்பேன், கேட்டோ” என்று சொல்லிவிட்டு, பந்தலுக்கு நடுவே நாயோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். கோப்பை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், படத்தில் சொர்ணம் விழாமல் இருக்கப் புகைப்படக்காரர் நாலு தடவை இடம் மாறினார். அவள் அசையவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிளம்புகிறேன் என்று சொன்ன கதிர்வேல் கிளம்பாமல் வந்து மூன்றாவது ஆளாக உட்கார்ந்தார். பிரின்ஸ் சீனியின் கட்டுப்போட்ட காலை மோந்து பார்த்துவிட்டுப் படுத்தது.

கடைசியில் வந்தவர் டாக்டர் ஷீலா. சொர்ணத்தின் கையிலிருந்து தாளை வாங்கினார். தலைமை நடுவர் எழுதிய வரியின்மேல் ஒரு கோடு போட்டார். கீழே தன் கையெழுத்தில் எழுதினார்: எறிதல் தவறியது. நாய் கட்டளைப்படி சென்று வலையில் சிக்கியது. அதைக் காப்பாற்றக் கையாளுபவர் நீரில் இறங்கினார். கையொப்பமிட்டு, நேரத்தையும் குறித்தார்.

“டாக்டர், இது முறையல்ல” என்றார் தலைமை நடுவர்.

“நானும் இந்தப் போட்டிக்கு நடுவர் சார். எனக்கும் இரண்டு கண் இருக்கிறது” என்றார் அவர். பிறகு சொர்ணத்திடம், “காலையிலேயே நான் வாய் திறந்திருக்க வேண்டும்” என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்.

“சாரமில்ல டாக்டர்” என்றாள் சொர்ணம், பரவாயில்லை என்பதை அவர்கள் மொழியில். எனக்கு அது சாரமுள்ளதாகத்தான் பட்டது. ஆனால் மன்னிப்பு அவள் கொடுக்க வேண்டியது, நான் அல்ல.

அன்று சாயங்காலம் சங்கத்திலிருந்து எல்லோருக்கும் செல்போனில் செய்தி வந்தது. போட்டி மிகச் சிறப்பாக நடந்தது, வானிலை நன்கு ஒத்துழைத்தது, அனைவருக்கும் நன்றி. வானிலை ஒத்துழைத்தது உண்மை. அன்றைக்கு ஒழுங்காக நடந்துகொண்டது அது ஒன்றுதான். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அந்தச் செய்தியைப் படித்த எரிச்சலில்தான்.

திங்கட்கிழமை காலையில் வேறொரு விஷயம் தெரிந்தது. வாசலில் கழுவிவிட்ட தண்ணீர் தேங்கியிருந்தது. சீனி அதைத் தாண்ட மறுத்துப் படியிலேயே நின்றது. வாளியைக் கண்டதும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மழைத் தண்ணீரில் புரளுகிற நாய் அது. பொன்னையா கண்ணில் கட்டோடு வந்து, “என் பிள்ளைய என்ன பண்ணி வச்சிருக்கானுவ” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நீக்கம், கோப்பை, தாள் எல்லாம் எனக்கு அந்த நேரத்தில் சின்ன விஷயங்களாகிவிட்டன. வாய் பேசாத ஒரு பிராணியிடமிருந்து அதற்குப் பிடித்த ஒன்றை மனிதர்கள் பிடுங்கியிருந்தார்கள்.

“ஏரிக்குப் போவோம் அண்ணே. இன்னைக்கு விட்டா பின்ன இது எறங்காது” என்றாள் சொர்ணம். என் ரயிலுக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. பெட்டி ஆட்டோ அதற்குள் சரியாகியிருந்ததால் ஏறினோம்.

சுகுமாரன் கரையில் இருந்தார். விடிகாலையில் அவரே தனியாகப் போய் அந்த வலையை இழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு ஆள் உயரத்துக்குக் குவியல். அதில் செத்த ஆமை ஒன்று, என்னவென்று சொல்ல முடியாத பறவை எலும்பு. சங்கத்துக்காரர்கள் யாரும் வரவில்லையா என்று கேட்டேன். “அவர்களுக்குப் போட்டி முடிந்துவிட்டதே” என்றார்.

சீனி தண்ணீருக்குப் பத்தடி தள்ளிப் படுத்துக்கொண்டது. சொர்ணம் அதை இழுக்கவில்லை. எதையும் எறியவில்லை, இரி என்றோ எடு என்றோ சொல்லவில்லை. குளிக்கும் படித்துறையின் கடைசிப் படியில் கால்களைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். நான் மேல்படியில் உட்கார்ந்தேன். சுகுமாரன் வள்ளத்தில் தாமரை பறிக்கப் போனார். வெயில் ஏறிற்று.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. சீனி எழுந்தது. ஒரு படி இறங்கி நின்றது. திரும்ப மேலே போயிற்று. மறுபடி வந்தது. சொர்ணத்தின் முதுகை மோந்தது. அவள் திரும்பவில்லை. பிறகு கட்டுப்போடாத காலை மெதுவாகத் தண்ணீரில் வைத்தது, எடுத்தது, திரும்ப வைத்தது. வள்ளத்திலிருந்து இதைப் பார்த்த சுகுமாரன், அலை வரக் கூடாது என்று துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

தம்பானூரில் என் ரயில் புறப்படும் நேரம் அது. சொர்ணம் பார்வையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

“வண்டி போயிருக்குமே அண்ணே?”

“போகட்டும்” என்றேன். “நீ அசையாத.”